நாயும் ஆறு புள்ளியும்

போன கிழமை மகள் வவுனியாவிலிருந்து போன் எடுத்தாள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். அதற்குத் தன்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கேட்கிறார்களாம். தேடி எடுத்து வைக்கச் சொன்னாள். தேட ஒன்றுமில்லை. அது அஞ்சலையின் பையில் இருக்கிறது. அஞ்சலை என் மனைவி. அவள் செத்துப் போய் இரண்டு வருடமாகிறது. பை இன்னும் அவளுடையதுதான்.

வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு பை இருக்கும். தடித்த பொலித்தீன் பை. அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணிக் கடதாசி, பிறந்தது, செத்தது எல்லாம் அதற்குள்ளே. சண்டை கிட்ட வந்து ஓடு என்றால் கையில் எடுக்கிற முதற் சாமான் அது. அடுப்பில் வெந்த சோற்றை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. பையை விட்டவர்கள் குறைவு. இப்போது ஓடுகிற தேவை இல்லை. ஆனாலும் பை வாசலுக்குக் கிட்ட ஆணியில்தான் தொங்குகிறது. கை அப்படிப் பழகிவிட்டது.

அவிழ்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பை. மூன்றும் அஞ்சலை போட்ட முடிச்சு. நேரம் எடுத்தது. மூன்றாவதைத் திறந்தபோது விளக்குக் கரி மணந்தது. இந்த வீட்டுக்குக் கரண்ட் வந்து எத்தனையோ வருடம். எங்கிருந்து மணக்கிறது என்று கடதாசிகளை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்தேன். யாரும் கண்டிருந்தால் கிழவனுக்கு மூளை தட்டிப்போட்டுது என்று சொல்லியிருப்பார்கள்.

மகளுக்குச் சின்ன வயதில் ஊசி போட்ட ஆசுபத்திரித் துண்டு நாலாக மடித்திருந்தது. அதற்குள் அது இருந்தது. உள்ளங்கை அளவு மட்டை. கறுப்பு மையால் கீறிய படம். ஒரு நாய். ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஒரு பொம்பிளை. கண்ணாடி போடாமலே தெரிந்தது. இதை நான் மறந்ததில்லை. ஆனால் இது இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிலத்தில் இருந்தேன்.

மையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது சண்டையால் வன்னிக்குச் சாமான் வராத காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரிய காரியம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, பஞ்சு நனைய மட்டும் எண்ணெய் விட்டு, மூடியில் சைக்கிள் வால்வைச் செருகி அதற்குள்ளால் திரியை விடுவோம். அதுதான் விளக்கு. புகை அதிகம், வெளிச்சம் குறைவு. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாய் வரும். மற்ற வீடுகளில் அந்தப் புகையைத் திட்டுவார்கள். அஞ்சலை அதைச் சேர்த்தாள். விளக்குக்கு மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிடுவாள். அதில் படிகிற கரியைச் சுரண்டி, விளாமரத்துப் பிசினை ஊறவைத்து, இரண்டையும் குழைப்பாள். ஒரு சின்ன மருந்துப் போத்தல் நிறைய இரண்டு கிழமை வேண்டும். எழுதுகோல் முள்ளம்பன்றி முள்ளு. எங்கள் வளவுக்குப் பின்னால் காடு. முள்ளுக்குப் பஞ்சமில்லை. மட்டைக்குப் பால்மாப் பெட்டியைக் கிழித்து உட்பக்கத்தை எடுப்பாள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் காயிதம் எழுதத்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டாம் வகுப்புவரை போனனான் என்று பெருமைக்குச் சொல்வேன். அந்த இரண்டாம் வகுப்பு எனக்குள் தங்கவில்லை.

எங்கள் ஆட்கள் தேயிலைத் தோட்ட மலையிலிருந்து வந்தவர்கள். மலையில் கலவரத்தில் தமிழரை அடித்தார்கள் என்று அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வன்னிக்கு வந்தார். நான் இந்த மண்ணிலேயே வளர்ந்து இந்தப் பேச்சையே பேசினேன். அஞ்சலை அப்படியில்லை. அவள் தோட்டத்திலேயே பிறந்து தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு லயத்து வரிசை வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் படம் கீறிக்கொண்டு இருந்தவள். கலியாணம் முடித்துத்தான் எங்கள் ஊர் தருமபுரத்துக்கு வந்தாள். வந்த புதிதில் கடைக்குப் போய்க் கொச்சிக்காய் கேட்டாள். மிளகாயைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வது. கடைக்காரருக்கு விளங்கியது. விளங்காத மாதிரி நின்றார்.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை. கேக்க வடிவாயிருக்கு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் வெளியாட்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். கடைக்குப் போனால் விரலால் காட்டுவாள். வீட்டில் கதைப்பாள். என்னோடு நிறையக் கதைப்பாள். வெளியில் வாய் திறக்காததையெல்லாம் சேர்த்து வைத்துக் கதைப்பாள்.

நான் வருடத்தில் பாதி நாயாற்றில். கடற்கரையில் மீன்பிடிகாரர் கொட்டில் போட்டுத் தங்குகிற இடத்தை வாடி என்பது. வள்ளமும் வலையும் வைத்திருந்த அந்தோனிச் சம்மாட்டியின் வாடியில் எனக்கு வேலை. கரைவலை இழுப்பது, மீனை வெட்டி உப்புப் போட்டுக் காய வைப்பது. மலைக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று முதலில் எல்லாரும் கேட்டார்கள். நான் கடலில் இறங்கவில்லை, கரையில் நின்று கயிறுதான் இழுத்தேன். ஆனாலும் முதல் மாதம் அலையைப் பார்த்தே சத்தி எடுத்தவன் நான். அதை அந்தோனிச் சம்மாட்டி செத்துப் போகுமட்டும் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்குப் போக ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். இடையில் போய்வருவது தியாகு அண்ணையின் லொறி. கருவாடு ஏற்ற வரும்போது எங்கள் ஊரைத் தாண்டித்தான் வருவார். அஞ்சலை ரோட்டுக்கரையில் மட்டையோடு நிற்பாளாம். முதல் மட்டை வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. தியாகு அண்ணை லொறியை நிறுத்திவிட்டு இறங்காமலே சிரித்தார். மட்டையின் ஒரு பக்கம் ஒரு நாய். நாய்க்குப் பக்கத்தில் ஆறு புள்ளி.

"விலாசம் போட்டிருக்கிறா உன்ர மனிசி. வாசி பாப்பம்."

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். நாய். ஆறு. நாயாறு.

ஆறு ஓடுகிற மாதிரிக் கீறலாம்தானே, ஏன் புள்ளி வைத்தாய் என்று பிறகு கேட்டேன். ஆறு கீறினால் மை நிறையப் போகும் என்றாள். ஆறு புள்ளிக்கு ஆறு சொட்டு. சரிதானே.

மறுபக்கத்தில்தான் காயிதம். மெல்ல மெல்ல அதை வாசிக்கப் பழகினேன். பானை நிமிர்ந்திருந்தால் வீட்டில் சமையல் நடக்கிறது. கவிழ்ந்திருந்தால் அரிசி இல்லை. கோழிக்குப் பின்னால் சின்னக் கோழி எத்தனையோ, அத்தனை குஞ்சு பொரித்திருக்கிறது. ஆளுக்குக் காலில் விரல் கீறியிருந்தால் அவர் வருகிறார். விரல் இல்லாமல் குதி மட்டும் இருந்தால் போகிறார். இதை அவள் நடந்து காட்டித்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். வரும் ஆளின் விரல்தானே நமக்குத் தெரியும், போகும் ஆளின் குதிதானே தெரியும் என்றாள். எனக்கு அது அதுவரை தெரியாது.

செய்தி இல்லாத மட்டையும் வரும். ஒன்றில் எங்கள் முற்றத்து மாதுளையைக் கீறி, அதன் கீழே என்னைக் கீறியிருந்தாள். மீசை பெரிது. உள்ளதைவிடப் பெரிது. அதைத்தான் நான் கூடுதலாக எடுத்துப் பார்த்தேன்.

பிழையும் விட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு சீப்பு கீறி அனுப்பியிருந்தாள். முல்லைத்தீவுக்குப் போன நேரம் நல்லதாகப் பார்த்து ஒரு சிவப்புச் சீப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு பின்வளவுக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். நாங்கள் வைத்த வாழை முதற் குலை தள்ளியிருந்தது. அவள் கீறியது வாழைப்பழச் சீப்பு. இருந்து இருந்து சிரித்தாள். இரண்டும் சீப்புதானே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிவப்புச் சீப்பைத் தலையில் குத்திக்கொண்டு அன்று முழுக்கத் திரிந்தாள்.

அப்போதெல்லாம் பிழை விட்டால் சிரிப்பு வரும்.

மட்டை வருகிற நாள் வாடியில் எல்லாருக்கும் விசேஷம். கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சுற்றி வருவார்கள். ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். ஒருவன் மாடு என்பான்.

"கொம்பைப் பாரடா. அது ஆடு."

"ஆட்டுக்கு ஏன் இவ்வளவு வால்?"

"மலைநாட்டு ஆடாயிருக்கும்."

அந்தோனிச் சம்மாட்டி கடைசியில் வந்து பார்ப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியும். பேப்பர் படிப்பவர். உன்ர வீட்டுக் காயிதத்தை வாசிக்க வேறொருத்தன்ர கால் பிடிக்கத் தேவையில்லை, குடுத்து வைச்சவன் நீ என்று ஒருமுறை சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். நான் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

மகள் சாந்திக்கு ஐந்து வயதான வருடம். மட்டைகளில் அவளும் வரத் தொடங்கினாள். பெரிய தலை, இரண்டு குடும்பி. ஒன்றில் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, எதிரே நாய். அப்பா எங்கே, நாயாற்றிலா என்று பிள்ளை கேட்கிறது. அப்படித்தான் அதை வாசித்தேன். அது சரியும்தான். தியாகு அண்ணையும் சொன்னார், பிள்ளை உன்னைக் கேட்டபடி நிற்கிறது என்று. அந்த மட்டையில் நாய்க்குப் பக்கத்தில் புள்ளி இல்லை என்றுதான் எனக்கு நினைவு. விலாசத்துக்கு மட்டும்தான் புள்ளி, உள்ளே வெறும் நாய்தான் என்று எனக்கு நினைவு. இதைக் கவனமாகச் சொல்கிறேன். ஏனென்று பிறகு விளங்கும்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிய நேரம் இந்த மட்டை வந்தது. என் மடியில் இப்போது கிடப்பது. தியாகு அண்ணை கொண்டு வரவில்லை. அவருக்கு மலேரியா. கருவாடு ஏற்ற ஒரு உழவு இயந்திரம் வந்தது. ஓட்டி வந்தவர் எனக்குத் தெரியாத ஆள். ரோட்டில ஒரு பொம்பிளை தந்தது, ஒண்டும் சொல்லேல்லை என்று தந்தார்.

ஒரு பக்கம் நாயும் ஆறு புள்ளியும். விலாசம். மறுபக்கம் நாய், நாய்க்கு முன்னால் பிள்ளை, பிள்ளையின் கையைப் பிடித்தபடி அஞ்சலை. அஞ்சலையின் காலில் விரல் இருந்தது. பிள்ளையின் காலிலும் விரல் இருந்தது. கெண்டைக்காலில் இரண்டு மைத் துளியும் இருந்தது. முள்ளு சிந்திவிட்டது என்று நினைத்தேன்.

வாடியில் எல்லாரும் பார்த்தோம். இந்த முறை யாருக்கும் சந்தேகம் இல்லை. பிள்ளை நாயாற்றுக்கு வரப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறது. தாய் கையைப் பிடித்து மறிக்கிறாள். எனக்குச் சந்தோஷம். இரண்டு நாள் அலை ஓரமாக நடந்து சிப்பி பொறுக்கினேன். சோகி, சங்கு, ரோசா நிறத்தில் ஒரு சின்னச் சிப்பி, அது நாயாற்றுக் கரையில் எப்போதாவதுதான் வரும். சிலவற்றில் துளை போட்டு வலை நூலில் கோத்தேன். ஒரு பையில் கட்டி, உழவு இயந்திரம் திரும்பும்போது கொடுத்துவிட்டேன். நீ வர வேண்டாம், கடல் உன்னிடம் வருகிறது. அதுதான் அந்தப் பையின் அர்த்தம். எழுதத் தெரியாதவன் எழுதிய காயிதம்.

அதற்கு ஒரு கிழமை கழித்துத் தியாகு அண்ணை வந்தார். மெலிந்து கறுத்திருந்தார். லொறியை விட்டு இறங்கி என்னைக் கண்டவுடன் நின்றுவிட்டார்.

"நீ இன்னும் இஞ்சையோ நிக்கிறாய்?"

நான் சிரித்தேன். வேறெங்கே நிற்பது.

"மட்டை வரேல்லையோ உனக்கு?"

வந்தது என்றேன். பிள்ளை வரப்போறன் எண்டு நிக்குதாம் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் லொறிச் சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிள்ளையை நாய் கடித்துவிட்டது. தெருவில் வந்த நாய். கடித்த அன்றே அஞ்சலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போயிருக்கிறாள். கழுவி மருந்து கட்டிவிட்டு, விசர்நாய்க்கடி ஊசி இங்கே இல்லை, வவுனியாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போவதென்றால் வன்னியை ஆண்ட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் போகிறவர் திரும்பி வருவார் என்று ஒராள் பிணை நிற்க வேண்டும். பொம்பிளை போனால் புருஷன் பிணை. அதுதான் வழக்கம். அதற்காகத்தான் அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் போய் ஒரு கைநாட்டு வைத்திருந்தால் அடுத்த நாளே பிள்ளை வவுனியாவில்.

அவள் ரோட்டுக்கரையில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உழவு இயந்திரம் திரும்பி வந்தது. நான் இறங்கவில்லை. பை இறங்கியது. அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். சிப்பி.

அன்று பின்னேரம் வயற்கரையில் அந்த நாய் செத்துக் கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். வாயில் நுரை. அதற்குப் பிறகு அஞ்சலை யாருக்கும் காத்திருக்கவில்லை. கொச்சிக்காய் கேட்டுச் சிரிப்பு வாங்கியவள் வீடு வீடாகப் போய் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். மலையாளுக்குப் பிணை நிற்க எல்லாரும் யோசித்தார்கள். போனவள் அப்படியே தோட்டத்துக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது. கடைசியில் தியாகு அண்ணை காய்ச்சலோடு எழும்பிப் போய்க் கையெழுத்து வைத்தார். கடித்த நாளிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள் பிள்ளைக்கு முதல் ஊசி. பிந்திப் போட்டிருக்கிறார்கள், என்ன ஆகுமென்று சொல்ல ஏலாது என்று தியாகு அண்ணை சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த லொறியிலேயே வீட்டுக்கு வந்தேன். நானும் போகப் பாஸ் கேட்டேன். மனைவியும் பிள்ளையும் வெளியே, நீயும் போனால் பிறகு யார் வருவது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் பார்த்தால் அதுவும் சரி.

ஒரு மாதம் அந்த வீட்டில் தனிய இருந்தேன். சிப்பிப் பை ஆணியில் தொங்கியது. பிள்ளைக்குக் காட்டவில்லை போல. நான் போட்ட கட்டு அவிழ்ந்து, அவள் போட்ட கட்டு இருந்தது. சிரட்டை விளக்குக்கு மேலே தொங்கியது. மைப் போத்தல் அரைவாசி இருந்தது. இரவில் விளக்குக் கொளுத்தவில்லை. கொளுத்தினால் சிரட்டையில் கரி படியும். அதை நான் என்ன செய்வது.

விசர்நாய்க்கடி வந்தவர் தண்ணீரைக் கண்டால் பயப்படுவார் என்று சொல்வார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதெல்லாம் அந்த எண்ணம் வரும். வாளியை மெதுவாக விடுவேன். சத்தம் கேட்கக்கூடாது என்று. யாருக்குக் கேட்கும்? வவுனியாவில் இருக்கிற பிள்ளைக்கா? அப்படித்தான் இருந்தது என் புத்தி.

ஒவ்வொரு நாளும் பஸ் வரும் நேரம் சந்திக்குப் போவேன். ஆட்கள் இறங்குவார்கள். நான் காலைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் இரண்டு சோடிக் கால் இறங்கியது. ஒன்று சின்னது. நடந்து வந்தது.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிள்ளை ஓடிவந்து என் சாரத்தைப் பிடித்தது. நான் குனிந்து பிள்ளையின் கெண்டைக்காலைப் பார்த்தேன். அவள்தான் கேட்டாள்.

"கஞ்சி ஏதும் வச்சிருக்கீங்களா?"

வைத்திருக்கிறேன் என்றேன். மூன்றுபேரும் வீட்டுக்கு நடந்தோம். பிள்ளை ஊசி போட்ட கதை சொல்லிக்கொண்டு வந்தது. வவுனியாவில் ஐஸ்கிறீம் தின்ற கதையும் சொன்னது.

பிள்ளை படுத்த பிறகு நான் மட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இடுப்பில் கட்டி வைத்திருந்தேன், வேர்வையில் ஓரம் கறுத்திருந்தது. பிள்ளை நாயாற்றுக்கு வரப்போகிறேன் என்று நிற்கிறது என்றல்லவா நினைத்தேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் மட்டையை விளக்குக்குக் கிட்டப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறொருத்தி கீறியதைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஆறு புள்ளி வச்சாத்தாங்க நாயாறு. வைக்காட்டி, நாய்."

பிள்ளையின் காலில் இருந்த இரண்டு துளியையும் விரலால் தொட்டுக் காட்டினாள். அது பல்லு.

முன்பு வந்த, பிள்ளை கை நீட்டுகிற மட்டையில் நீ புள்ளி வைக்கவில்லையே, அதிலும் வெறும் நாய்தானே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வைத்தேன் என்று அவள் சொன்னால் வாடிக்குப் போய் அந்த மட்டையை எடுத்துவந்து காட்ட வேண்டும். காட்டி என்ன செய்வது? நீதான் பிழை என்று சொல்லவா? உழவு இயந்திரக்காரரிடம் வாயால் ஒரு சொல் சொல்லிவிட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டேன். சொன்னா சிரிப்பாங்க, உங்களுக்குப் படம் போதும்னு நெனச்சேன் என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நல்லது என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

மட்டையை அவள் எடுத்து வைத்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் கீறவில்லை. அடுத்த முறை நான் நாயாற்றுக்குப் போனபோது மட்டை வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. வாடிக்காரர் கேட்டார்கள், மையில்லை என்று சொன்னேன். வீட்டில் போத்தலுக்குள் மை காய்ந்து வெடித்துக் கிடந்தது. சிரட்டையை ஒரு நாள் அவளே அறுத்து அடுப்புக்குள் வைத்தாள்.

நான் எழுத்துப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அரிவரியில் சேர்ந்த மகளோடு சேர்ந்து நானும் அரிவரி. முப்பது வயதுக்காரன் மணலில் அ எழுதுவதைப் பார்க்கச் சகிக்காதுதான். எழுத்துக் கூட்டி நான் வாசித்த முதற் பெயர்ப்பலகை தபால் கந்தோர்ப் பலகை. அஞ்சல். என் மனைவியின் பெயரைக் கந்தோருக்கு வைத்திருக்கிறார்கள், கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம் என்று வீட்டில் வந்து சொன்னேன். மகள் சிரித்தாள். அஞ்சலை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்தாள்.

பிறகு நான் நாயாற்றிலிருந்து காயிதம் எழுதினேன். மகள் அதை வாசித்துக் காட்டி, தாய்க்காகப் பதில் எழுதுவாள். அம்மா சுகம். நான் சுகம். நீங்கள் சுகமா. எல்லாக் காயிதத்திலும் அதுதான். பானை நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று அதில் தெரியாது. கோழி எத்தனை குஞ்சு பொரித்தது என்று தெரியாது. எழுத்துப் படித்த பிறகுதான் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமற் போனது.

பழைய மட்டைகளை நான் வாடியில் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தேன். பெரிய மீசையும் மாதுளையும், வாழைச் சீப்பு, கை நீட்டுகிற பிள்ளை, எல்லாம். சுனாமி என்று கடல் கரையேறி வந்த அந்தக் காலையில் வாடி இருந்த இடத்தில் வாடி இல்லை. அந்தோனிச் சம்மாட்டியும் இல்லை. நான் அன்று வீட்டில் நின்றதால் இருக்கிறேன். தகரத்தை ஒரு நாள் போய்த் தேடினேன். மணலைக் கிளறும்போது அந்த ஒரு மட்டையைத்தான் தேடினேன் என்று எனக்குத் தெரியும். நாய்க்குப் பக்கத்தில் புள்ளி இருந்ததா இல்லையா. ஆட்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் நான் புள்ளியைத் தேடினேன். வெட்கம்தான். கிடைக்கவில்லை.

கடைசிச் சண்டையில் எல்லாரையும் போல நாங்களும் இடம் மாறி இடம் மாறிப் போனோம். தியாகு அண்ணை வழியில் செத்துப் போனார். சிவப்புச் சீப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. பையை அஞ்சலை நெஞ்சோடு கட்டியிருந்தாள். தண்ணீருக்குள்ளால் போனபோது தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு முகாம். பிறகு இந்த வீடு. பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுது என்றார்கள். வவுனியாவுக்கும் தருமபுரத்துக்குமாக இரண்டு வருடம் பஸ்ஸில் போய்வந்தோம். இந்த முறை பாஸ் தேவைப்படவில்லை. ஓமந்தையில், முன்பு சோதனைச்சாவடி இருந்த இடத்தில், யாரும் மறிக்கவில்லை. கிளினிக்கில் கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் நானே வைத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் நான் கையெழுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 

வெளிச்சம் போதவில்லை என்று மட்டையை வாசலுக்குக் கொண்டு வந்தேன். கண்ணாடியைப் போட்டேன்.

அப்போதுதான் கண்டேன். மட்டையில் மூன்றாவது ஆள் ஒன்று இருந்தது. அஞ்சலைக்குப் பின்னால், ஓரத்தில். கறுப்பு மை இல்லை. நீலப் பேனை. மெல்லிய கோடு. கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது அழுக்கு என்று விட்டுவிட்டேன். சாரம் கட்டிய ஆள். கையில் ஒரு பை. மீசை பெரிது.

நீலப் பேனை எங்கள் வீட்டுக்கு வந்தது மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான். ஆகவே பிறகு கீறியது. எப்போது? தருமபுரத்திலா, பதுங்குகுழிக்குள்ளா, முகாமிலா? வருத்தமாய்க் கிடந்த நாளிலா? எனக்கு முன்னால் கீறவில்லை. எனக்குச் சொல்லவும் இல்லை.

நான் காலைத் தேடினேன். விரல் இருந்தால் வருகிறான். பிந்தியென்றாலும் வருகிறான் என்று கீறியிருக்கிறாள். குதி மட்டும் என்றால் போகிறான். சிப்பிப் பையை வைத்துக்கொண்டு அவன் தன்பாட்டில் போகிறான் என்று கீறியிருக்கிறாள். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த மூலை ஈரம் பட்டு உதிர்ந்துவிட்டது. சாரத்தின் கரைவரை இருக்கிறது. அதற்குக் கீழே மட்டை இல்லை.

பின்னேரம் மகள் திரும்பப் போன் எடுத்தாள். எடுத்தீங்களாப்பா என்று கேட்டாள். ஓம் என்றேன். நாய் கடித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும் என்றாள். பிறகு சொன்னாள்.

"சிப்பிதான் ஞாபகம். ரோசாக் கலர்ல ஒண்டு இருந்தது. அதெல்லாம் எங்கயப்பா போச்சு?"

தெரியாது என்றேன்.

கடதாசிகளைத் திரும்ப அடுக்கினேன். மட்டையை ஊசித் துண்டுக்குள் அவள் வைத்த மாதிரியே வைத்தேன். பையின் அடியில் கொஞ்சம் தூள் கிடந்தது. பழுப்புத் தூள், நடுவில் நீலமாய் ஏதோ. விரலில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூள்தான். கால் அதற்குள் எங்கோ இருக்கும்.

தூளைக் கொட்டவில்லை. மூன்று பையையும் கட்டி ஆணியில் கொழுவினேன்.